கிளிக் போடாமல் வாசித்த கேசட்

1. ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் நிறையும் அளவுக்குத் தனியாகப் பியானோ வாசித்தேன். பாட்டு இல்லை, தபேலா இல்லை, வயலின் இல்லை.

2. வாசித்த இடத்தில் பியானோ இல்லை. அது கணினிக்குள் இருந்தது.

3. வாசித்ததை நானே கேட்டுச் சீர்செய்து, மாஸ்டர் நாடாவும் தயார் செய்து வைத்தேன்.

4. ஒரு கல்யாணத்துக்காக நான் ஈப்போ போயிருந்த வாரத்தில், என்னைக் கேட்காமல் ஒருவர் என் வாசிப்பைத் திருத்தினார்.

5. திருத்தியதுதான் கேசட்டாக வெளிவந்தது.

6. அட்டையில் ‘பியானோ’ என்ற சொல்லுக்கு எதிரே திருத்தியவரின் பெயர் இருந்தது. ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர்.

7. இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள்.

இந்த ஏழாவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஸ்டூடியோ பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. பக்திப் பாடல், கல்யாணப் பாடல், திருவிழாவுக்கான பாடல் என்று கேசட் போடுவதுதான் தொழில். நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, இயந்திரங்களையும் கணினியையும் பார்த்துக்கொள்ள அங்கே சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. காலையில் பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்துக் கிள்ளான், கிள்ளானிலிருந்து ரயில்.

பியானோ நான் சின்ன வயதிலேயே கற்றது. கிள்ளானில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. பரீட்சைகள் எல்லாம் அதில்தான் எழுதினேன், அதாவது வாசித்தேன். டீச்சர் மகனோடு ஆஸ்திரேலியா போனபோது அதை யாருக்கோ விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தொட்டு வாசிக்க எனக்கென்று பியானோ கிடையாது. எங்கள் வீட்டில் பியானோ வைத்தால் சாப்பாட்டு மேசையை வெளியே போட வேண்டும்.

ஸ்டூடியோ முதலாளியை எல்லோரையும் போல நானும் பாஸ் என்றுதான் கூப்பிட்டேன். சேர்ந்த புதிதில் அவரிடம் ஒன்று கேட்டேன். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமையும் வந்து இயந்திரங்களைப் பார்க்கிறேன், அதற்குப் பதிலாக என் பெயரில் ஒரு பியானோ கேசட் போட்டுத் தர வேண்டும்.

“பியானோவா? யாரு வாங்குவா?”

“கல்யாண டின்னர்ல போடலாம் பாஸ். சாப்பிடும்போது பாட்டு வந்தா பேச முடியல. பியானோன்னா பேசலாம்.”

“போலே லா, போடலாம். உன் பேர்லயே போடுவோம்,” என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். நான் பியானோ வாசிப்பவள் என்பதற்கு ஒரு சான்று. கையில் எடுத்து ஒருவருக்குக் கொடுத்து, இது நான் வாசித்தது என்று சொல்லக்கூடிய ஒரு பொருள்.

அந்த மாடிக்கு உண்மையான பியானோவை ஏற்ற முடியாது. படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஏற்றினாலும் மைக் வைத்துப் பதிய முடியாது. ரயில் போகும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கும். அதனால் கணினிப் பியானோ. ஒரே ஒரு சிடியில் வந்தது அது. எங்கேயோ வெளிநாட்டில் ஒரு பெரிய பியானோவின் முன்னால் மைக் வைத்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியாகத் தட்டிப் பதிந்திருந்தார்கள். நான் கீபோர்டில் மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பதிந்தது ஒலிக்கும். அழுத்தினால் பலமாகப் பதிந்தது ஒலிக்கும். கணினியின் நினைவகத்தில் அது முழுவதும் ஏறி முடிவதற்குள் கீழே போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வரலாம்.

வாசிக்கும்போது கணினி பதிவு செய்வது ஒலியை அல்ல. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம், எப்போது விரல் எடுத்தது, பெடல் எப்போது மிதித்தது. அவ்வளவுதான். பியானோவின் குரல் பிறகு சேர்வது. கட்டையைத் தொட்டதற்கும் கணினி ஒலிப்பதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் இருந்ததால், வாசிக்கும் நேரத்தில் நான் கீபோர்டின் சொந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். தட்டையான, தகரம் போன்ற சத்தம். பெரிய பியானோவை மனதுக்குள் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி விரலைப் போட்டேன். பிறகு கணினியில் ஓட விட்டு, நினைத்தது வந்ததா என்று கேட்பேன். வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

வாசித்தது தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல், கும்மி. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் பாடுகிற பாட்டுகள். பாடகர்கள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள் என்பதால் காலை நேரம் ஸ்டூடியோ காலி. அந்த நேரத்தில் வாசித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், பிறகு நடந்தது எல்லாம் இதனால்தான். எங்கள் ஸ்டூடியோவில் யார் வந்து வாசித்தாலும் காதில் ‘கிளிக்’ கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். கணினி போடும் டிக் டிக் என்ற தாளச் சத்தம் அது. டிரம், தபேலா எல்லாம் இயந்திரத்திலிருந்து பிறகு சேர்வதால், முதலில் வாசித்தவர் அந்த டிக்கோடு ஒட்டி வாசித்திருக்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், ஒரு கட்டளை கொடுத்து எல்லா ஸ்வரங்களையும் திரையிலுள்ள கோடுகளின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஸ்டூடியோவில் பெயர் ‘நேராக்குறது’. வாசித்தவரைக் கேட்டு நேராக்கும் வழக்கம் இல்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகு செய்வார்கள். அதை மரியாதை என்றே நினைத்தார்கள்.

நான் கிளிக்கை நிறுத்திவிட்டு வாசித்தேன். தெரிந்தே நிறுத்தினேன். தனிப் பியானோவுக்குப் பின்னால் வந்து சேர யாரும் இல்லை. தாலாட்டில் ஒரு வரி முடிகிற இடத்தில் கை கொஞ்சம் நிற்கும். இடது கை வலது கைக்குப் பின்னால் ஒரு இமைப்பொழுது தள்ளி வரும். ஊஞ்சல் பாட்டில் ஒரு பக்கம் போவது வேறு வேகம், திரும்பி வருவது வேறு வேகம். இதையெல்லாம் டிக் டிக் என்று ஓடுகிற ஒன்றிடம் கேட்டுக்கொண்டு செய்ய முடியாது.

வாசித்து முடித்தபின் சீர்செய்ய நாளாயிற்று. பெடலை அதிக நேரம் மிதித்தால் கணினிக்கு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் தீர்ந்துபோய், பழைய ஸ்வரம் திடீரென்று வெட்டுப்படும். அந்த இடங்களைத் தேடித் தேடிப் பெடலைச் சற்று முன்னதாக எடுத்தேன். கேசட்டுக்கே உரிய இரைச்சலில் மிக மெல்லிய இடங்கள் மூழ்கிவிடும் என்பது தெரியும். அந்த இடங்களைக் கொஞ்சம் மேலே தூக்கினேன், உச்சத்தைக் கொஞ்சம் இறக்கினேன். மற்றதைத் தொடவில்லை. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கேட்டேன், கேசட்டில் எடுத்துப் பாஸின் வேனில் கேட்டேன், ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்கிற எங்கள் வீட்டு ரேடியோவில் கேட்டேன். மூன்றிலும் அது பியானோவாக இருந்தது. டாட் என்ற டிஜிட்டல் நாடாவில், நகலெடுப்பதற்கான மாஸ்டர் எடுத்து, மேலே எழுதி ஒட்டி, பாஸின் மேசையில் வைத்துவிட்டு ஈப்போ போனேன்.

திரும்பி வந்தபோது கேசட்டுகள் பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டேன். முதல் தாலாட்டு பாதி போவதற்குள் நிறுத்திவிட்டேன். மறுபடி போட்டேன். கட்டைகள் எல்லாம் நான் தொட்டவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. குழந்தையைத் தூங்க வைக்கும் பாட்டு தையல் மிஷின் ஓடுவது போல ஓடியது.

அட்டையை அப்புறம்தான் பார்த்தேன்.

எங்கள் ஸ்டூடியோவின் இசை அமைப்பாளரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். இங்கே வந்த கேசட்டுகளில் பாதி அவர் கை வைத்தவை. அவர் சிரித்த முகத்தோடு நாற்காலியைத் திருப்பினார்.

“கேட்டியா தங்கச்சி? எப்படி இருக்கு?”

“யாருண்ணே நேராக்குனது?”

“நான்தான். நீ கிளிக் போட மறந்துட்ட. ஃபைலத் தொறந்தா ஒரு நோட்டுகூட கோட்டுல இல்ல. பயந்தே போயிட்டேன்.”

“மறக்கலண்ணே. வேணும்னுதான் நிறுத்துனேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கீபோர்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு.”

“நேராக்குனா எல்லாம் கலைஞ்சிருக்குமே?”

“அதான் சூசா லா, பெரிய தொல்லை,” என்று தலையில் கை வைத்தார். “கமாண்ட் குடுத்தேன், ஒவ்வொண்ணும் கண்ட எடத்துல போயி ஒட்டிக்கிச்சு. அப்புறம் மவுஸ்ல ஒண்ணொண்ணா புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். சாப்பாடுகூட கடையிலருந்து தாப்பாவ் பண்ணி இங்கியேதான். முதுகு போச்சு.”

“நான் கேக்கலையே அண்ணே.”

“சட்டை கசங்கியிருந்தா தேய்ச்சுக் குடுக்க மாட்டாங்களா? அதுக்கும் கேக்கணுமா? அப்புறம் சத்தம் வேற. சில நோட்டு இருபது, முப்பதுன்னு கெடந்துச்சு. பாவம், புள்ளைக்குக் கை வலி போலன்னு நெனச்சேன். எல்லாத்தையும் நூறுல வச்சுட்டேன்.”

கணினி ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு எண் கொடுக்கும். இருபது என்றால் மெல்ல. நூறு என்றால் பலம். எங்கேயோ ஒருவர் பெரிய பியானோவின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகத் தட்டிப் பதிந்து வைத்தாரே, அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட இந்தக் கேசட்டில் ஒலிக்கவில்லை. நான் வாசித்ததை மட்டுமல்ல, அந்தப் பியானோவையே முக்கால்வாசி பூட்டி வைத்துவிட்டு, எனக்கு உதவி செய்ததாகச் சொல்கிறார்.

நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போட வராது. பாஸின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன் என்றேன். என் மாஸ்டர் ஏன் போகவில்லை, என்னை ஏன் கேட்கவில்லை, பெயர் ஏன் இப்படி.

முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. “உன் டேப்ப ஒரு கேசட்டுல காப்பி எடுத்து எதிர்க் கடையில குடுத்துப் போடச் சொன்னேன்மா. இந்த ரோட்டுல எல்லாக் கடைக்காரனும் ஸ்பீக்கர வெளிய வச்சிருக்கான். உன்னோடது ஆரம்பிச்சிச்சு, கடைக்காரன் கேசட்டு ஓடலன்னு நெனச்சு வெளிய எடுத்துத் தொடச்சுட்டுப் போடுறான். நான் என்ன பண்ண?”

இது நியாயமான பதில். தெருவில் போகிறவர் நின்று கேட்டால்தான் கேசட் போகும். இதை என்னிடம் சொல்லியிருந்தால் தொடக்கத்தில் ஒரு கும்மியை வைத்திருப்பேன், ஒட்டுமொத்த ஒலியையும் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பேன். வாசிப்பைத் தொடாமல் செய்யக்கூடிய வழிகள் நான்கைந்து இருந்தன. அவற்றை வரிசையாகச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது கேள்விக்கு, “நீதான் ஈப்போ போயிட்டியே,” என்றார். ஈப்போவில் டெலிபோன் உண்டு.

மூன்றாவது கேள்விக்குத்தான் சிரித்தார். “நம்ம ஸ்டூடியோல பியானோ எங்க இருக்கு? காட்டு பாப்போம்.”

“இல்ல பாஸ்.”

“பியானோ இல்ல. அப்ப பியானோ வாசிச்ச ஆள் மட்டும் எப்படி வரும்? கம்ப்யூட்டர்ல வேலை செஞ்ச. கம்ப்யூட்டர்னு போட்டிருக்கு. தப்பா?”

“அப்ப அண்ணனுக்கு மட்டும் எந்தப் பியானோ பாஸ்?”

அவர் பேனாவை மூடித் திறந்தார். “அவரு சீனியர் லா. வாங்குறவனுக்கு அவரு பேரு தெரியும்.”

பியானோ இல்லாத இடத்தில் எனக்குப் பியானோ இல்லை. ஆனால் அவருக்கு உண்டு. எவ்வளவு திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான். நான் கம்பி சுற்றி வைக்க வந்த பெண். அவர் பெயர் தெரிந்த ஆண். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக மென்பொருளின் மேல் பழியைப் போட்டார்கள்.

கேசட் போனது. கல்யாண மண்டபங்களில் வாங்கினார்கள். கிள்ளானில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் வைத்திருந்தார்கள். அங்கே வாங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டுதான் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு விடுமுறை நாள் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா முகம் மலர்ந்து, “இது நம்ம புள்ள வாசிச்சது,” என்றார்.

அத்தை அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். “பியானோன்னு வேற யாரோ பேரு இருக்கே அண்ணி. இவ கம்ப்யூட்டராம்.”

“அவதான் வாசிச்சா.”

“கம்ப்யூட்டர்தான் வாசிச்சிருக்கு. இவ சுவிட்ச் போட்டிருப்பா.” அத்தைக்குத் தன் பேச்சே பிடித்துப்போய்ச் சிரித்தார். “பரவால்ல, கரண்டு போகாம பாத்துக்கிட்டாளே.”

அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். அத்தை போன பிறகு என்னிடம் வந்து, “எனக்கு இந்தக் கேசட்டு நல்லாத்தான் இருக்கு. என்ன கொறை? பேர மட்டும் மாத்தச் சொல்லு,” என்றார்.

“நான் வாசிச்ச மாதிரி இல்லம்மா.”

“யாருக்குத் தெரியப் போவுது?”

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அது அம்மாவுக்குப் போதவில்லை.

சில மாதங்களில் கையிருப்பு தீர்ந்து, பாஸ் இரண்டாம் முறை அச்சடிக்க முடிவு செய்தார். நான் போய் மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை என் மாஸ்டர் போக வேண்டும், அட்டையில் பியானோவுக்கு எதிரே என் பெயர் வர வேண்டும் என்றேன். அண்ணனும் அங்கே இருந்தார்.

பாஸ் தாடையைச் சொறிந்தார். “அட்டை எப்படியும் புதுசா அடிக்கணும். பேரு மாத்தித் தரேன். பியானோன்னு உன் பேரே போடுறேன். சந்தோஷமா? ஆனா சத்தம் மாத்த முடியாது. மண்டபத்துக்காரனுங்களுக்கு இதுதான் பழகியிருக்கு.”

அண்ணனுக்கு முகம் வாடியது. “பாஸ், ஒவ்வொரு நோட்டையும் நான் உக்கார வச்சிருக்கேன். எங்க நிக்கணும், எவ்வளவு சத்தமா வரணும், எல்லாம் நான். அப்ப யாரு வாசிச்சது?”

“நீ பேசாம இருய்யா,” என்றார் பாஸ்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, “வாங்கிக்க. அத்தைக்கு முதல்ல ஒண்ணு குடுக்கணும்,” என்றார்.

மறுநாள் காலை, ஸ்டூடியோவில் யாரும் வராத நேரத்தில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். என் ஃபைல் ஒன்று, திருத்திய ஃபைல் ஒன்று. கோபத்தோடு கேட்கக் கூடாது, வேலையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இந்த மென்பொருளில் ஒருவரின் வாசிப்பு என்று இருப்பது என்ன? எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம், பெடல் எங்கே. எந்தக் கட்டை என்பது என்னுடையது அல்ல. அது தாலாட்டினுடையது. யார் வாசித்தாலும் அதே கட்டைகள்தான். எப்போது என்பதை அண்ணன் மாற்றிவிட்டார். எவ்வளவு என்பதையும் மாற்றிவிட்டார். கோட்டுக்கு ஏற்றபடி பெடலையும் நகர்த்தியிருந்தார். கேட்டேன், கேட்டேன், என் கை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று. இல்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அண்ணன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. என் அனுமதி இல்லாமல், எனக்குக் கொடுத்த வாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவர் ஒரு பியானோ கேசட் வாசித்திருக்கிறார். மோசமாக வாசித்திருக்கிறார். ஆனால் அவர்தான் வாசித்திருக்கிறார்.

பாஸிடம் போனேன். “என் பேரு வேணாம் பாஸ்.”

“என்னது?”

“அந்தச் சத்தத்துக்கு என் பேரு வேணாம். அண்ணன் பேரே இருக்கட்டும். கம்ப்யூட்டர்ங்கிற எடத்துலருந்தும் என்னை எடுத்துடுங்க. என் மாஸ்டர என்கிட்டக் குடுத்துடுங்க.”

“குடுத்தாலும் வேணாங்கிற. குடுக்கலன்னாலும் சண்ட போடுற. உனக்கு என்னதான்மா வேணும்?”

“நீங்க முதல் நாள் சொன்னது.”

அவர் டிராயரைத் திறந்து நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே அண்ணன் எனக்காக ஒரு தே தாரிக் வாங்கி வைத்திருந்தார். குடித்தேன். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது என்று அவரிடமே சொன்னேன்.

அம்மாவுக்கு இது இன்னும் புரியவில்லை. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று சித்தியிடம் டெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தில் உளறிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். கோபம் இருந்தது, இருக்கிறது. உளறவில்லை.

இப்போதைய நிலைமை இதுதான். இரண்டாம் அச்சு வந்துவிட்டது. அட்டையில் பியானோவுக்கு எதிரே அண்ணனின் பெயர் இருக்கிறது, கம்ப்யூட்டர் என்ற வரி இல்லை. மாஸ்டர் நாடா என் அலமாரியில் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்கும் இயந்திரம் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. நான் சொன்ன ஒரு வருடத்தை ஞாயிற்றுக்கிழமைகளோடு சேர்த்து வேலை செய்து முடித்துவிட்டேன். இப்போதும் அங்கேதான் வேலைக்குப் போகிறேன், ஞாயிறு தவிர. என் பெயரில் ஒரு பியானோ கேசட் இன்னும் வரவில்லை.